இருநூற்று இருபது ரூபாய்க்கு

பகலெல்லாம் அவற்றைக் கொல்வது என் வேலை.
தண்டையார்பேட்டை லேபில்
பார்த்து முடித்த தட்டுகளை அடுக்கி
ஆட்டோகிளேவின் மூடியைத் திருகினால்
நூற்று இருபத்தோரு டிகிரி, பதினைந்து நிமிடம்.
பிறகு கை கழுவுவேன்
முழங்கை வரை.

கொளத்தூரில் மஸ்தான்
பழுப்புப் பாட்டிலை நீட்டியபோது
சிரிப்புதான் வந்தது.
"உள்ள கோடிக்கணக்குல கீதுக்கா,
எல்லாம் நல்ல பாக்டீரியா.
வெயில்ல மட்டும் காட்டாத."

பஸ்ஸில் மடியில் வைத்துத்
துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்தேன்.
கோடிப் பேருக்கும் சேர்த்து
ஒரே டிக்கெட்.

தொட்டி வாங்கியது லாசர்.
வாங்கிய கையோடு
ஹார்பரில் நைட் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள்.
செத்ததை வலையில் எடுப்பது நான்.
ஒரே வாரத்தில் மூன்று மோலி, ஒரு கப்பி.

அம்மோனியா என்றால் என்னவென்று
எங்கள் பக்கம் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம்.
காற்று திரும்பினால்
மூக்குக்கு முன்னால் கை போய்
சன்னலைச் சாத்திவிடும்.
மீனுக்குச் சன்னல் இல்லை.
அதன் கழிவே அதைச் சுற்றி நிற்கும்
பச்சையாக, சோதனைக் குழாயில்.

லாரித் தண்ணீரை
இரண்டு ராத்திரி பக்கெட்டில் ஆறவைத்தேன்,
குளோரின் போகட்டும் என்று.
பாட்டிலைக் குலுக்கி
மூடியில் அளந்து ஊற்றினேன்.
முட்டை அழுகிய வாசனை.
இதைத்தான் ஏழு வருஷமாக
டெட்டால் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் தண்ணீர் கழனி.
அதற்கு மறுநாளும் கழனி.
மிச்சமிருந்த இரண்டு மோலி
கண்ணாடிக்கு வந்து முகம் காட்டிவிட்டு
வெண்மைக்குள் போய்விட்டன.
"ஏமாத்திட்டான்" என்றார் லாசர்
சாப்பாட்டு டப்பாவைக் கட்டியபடி.
அப்படியும் இருக்கலாம்.

ஒரு சொட்டை லேபுக்குக் கொண்டுபோனேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
சாயமேற்றிக் கழுவி எண்ணெய் விட்டுப் பார்த்தால்
சிவப்பாகச் சின்னக் குச்சிகள்.
காலையில் வார்டிலிருந்து வந்த
சிறுநீரில் பார்த்ததும்
சிவப்புக் குச்சிகள்தான்.
நல்லது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.
ஸ்லைடை வழக்கமான டப்பாவில் போட வேண்டும்.
போட்டேன்.
கொஞ்சம் தாமதமாக.

ஒன்பதாம் நாள் ராத்திரி கரண்ட் போனது.
தெருவே வாசலுக்கு வந்து
இ.பி.காரனைத் திட்டிக்கொண்டிருக்க
ஃபில்டர் நின்ற சத்தம்
எனக்கு மட்டும் கேட்டது.
மீன் மேலே வந்து வாயைத் திறக்கும்,
தெரியும்.
ஃபில்டர் பஞ்சுக்குள் இருப்பவை
எங்கே வரும்? எதைத் திறக்கும்?

மஞ்சள் மக்கை எடுத்தேன்.
மொண்டு, ஒரு முழம் தூக்கி, ஊற்றினேன்.
மொண்டு, தூக்கி, ஊற்றினேன்.
கொசு காலைக் கடிக்க
ஒரு கையால் அடித்துக்கொண்டு
மறு கையால்
கண்ணுக்குத் தெரியாத கோடிக்கு
மூச்சு ஊற்றிக்கொண்டிருந்தேன்.
இரண்டே கால் மணிக்கு ஃபேன் சுற்றியது.
தோள் மூன்று நாள் வலித்தது.

இருபத்துமூன்றாம் நாள்
குழாயில் நிறம் மஞ்சளானது.
தொட்டியின் பின்சுவரில்
லாசர் ஒட்டிய பவழப்பாறைப் படம்
ஓரத்தில் பிய்ந்திருப்பது வரைக்கும்
தெளிவாகத் தெரிந்தது.

கீழ்வீட்டு தில்ஷாத்தின் தொட்டியும்
அதே வாரம் வாங்கியது.
அவள் எதுவும் ஊற்றவில்லை.
இருபத்தாறாம் நாள்
அதுவும் தெளிந்தது.

மூன்று நாள்.
இருநூற்று இருபது ரூபாய்க்கு மூன்று நாள்.
அல்லது அதுவும் இல்லை.
மஸ்தானிடம் கேட்கலாம்,
"இன்னாக்கா, மீன் நல்லாத்தானே கீது" என்பான்.

காலிப் பாட்டில் ஜன்னலோரம் இருக்கிறது.
அடியில் ஒரு விரற்கடை கலங்கல்.
கழுவிப் போட வேண்டும்.
இப்போதைக்கு
வெயில் படாத பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன்.