இடது காதில் ஓர் இடி

ஊபி தொழிற்பேட்டையில், நான்காம் மாடியில்,
நான் பல் செய்கிறேன்.
யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லை மெழுகில் செதுக்கி,
பீங்கானில் சுட்டு,
ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்து அனுப்பிவைப்பேன்.
பொருத்திய முதல் வாரம்
நாக்கு அதைக் கல் என்றே நினைக்கும்.
பிறகு மறந்துவிடும்.

ஆகவே "பழகிவிடும்" என்று மருத்துவர்
தாளில் எழுதிக் காட்டியபோது நம்பினேன்.
அதற்கு அடுத்த வரியில்தான் நின்றுவிட்டேன்:
"எஞ்சியிருக்கும் கேட்புத்திறன் போய்விடலாம்."

எஞ்சியிருப்பது என்னவென்று அவர் கேட்கவில்லை.
வரைபடத்தின் அடியில், இடது மூலையில்,
இரண்டே புள்ளிகள்.
அது இடி.
நவம்பர் மதியங்களில் பிடோக்கின் மேல் வானம் கத்தரிக்காய் நிறமாகும்போது
கருவி ஏதுமின்றி என்னிடம் வருகிற ஒரே சத்தம்.
காதுக்கு வருகிறதா, விலா எலும்புக்கா,
நாற்பத்து மூன்று வயதாகியும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா உட்லண்ட்ஸிலிருந்து கைபேசித் திரையில் வருகிறாள்,
மீனைப் போல வாயை அகலத் திறந்து.
பணம் என்றாளா, மணம் என்றாளா?
இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கிறது.
எனக்கு மணமாகிப் பத்து வருடமாகிறது.
எனவே பணம். மெடிசேவ் போக மீதியை அவள் தருவாள்.
கையால் பேச மட்டும் அவள் கற்கவில்லை.
அந்தப் பணத்தில் எத்தனை வகுப்பு, என்று
ஒருமுறை கணக்குப் போட்டேன்.
அவளிடம் சொல்லவில்லை.

எழிலரசி என்று பெயர் வைத்தவளும் அவள்தான்,
என் காது தெரியவருமுன்.
அதிலுள்ள ழகரத்தைப் பாதிப்பேர் பிழையாகச் சொல்கிறார்களாம்.
நாக்கு உள்ளே மடிவது வெளியே தெரியாது,
பல் செய்கிறவளுக்கும்கூட.
எங்கள் கைகளில் என் பெயர் வேறு:
சுட்டுவிரல் முன்பல்லை இருமுறை தட்டும்.
அதைப் பிழையாகச் சொல்ல எவராலும் முடியாது.

ரொஸ்லினா போன வருடம் வைத்துக்கொண்டாள்.
முதல் நாள் மனிதர்களெல்லாம் தகர டப்பாவுக்குள் பேசினார்களாம்.
கழிவறையில் தண்ணீரை இழுத்துவிட்டு ஓடி வந்தாளாம்.
இப்போது விடியல் ஐந்து மணிக்கே ஒரு பறவை
விடாமல் கத்துகிறது என்று நகர மன்றத்துக்குப் புகார் எழுதியிருக்கிறாள்.
"கழற்றி வைத்துவிட்டுத் தூங்கேன்" என்றேன்.
"குழந்தை அழுதால்?" என்றாள்.
என்ன பறவை என்று தேடிப் பார்த்தேன்.
குயில்.
பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக நான் புகழ்ந்து எழுதிய அதே குயில்.
இரவு முழுக்கச் சிரித்தேன்.

கோக் வெய் சிரிக்கவில்லை.
காப்பிக் கடையில், வாய் நிறைய மீ ஹூனோடு,
"உன் தலை" என்றான் கையால்.
எங்கள் மொழியில் கோபமும் அன்பும் புருவத்தில் இருக்கும்.
புருவம் அசையவில்லை.
பிறகு, மின்தூக்கிக்குள், ஏழாவது மாடி தாண்டியதும்:
"பின்னாலிருந்து யாராவது கூப்பிடுவார்கள்.
நீ திரும்புவாய்.
பாதி வாக்கியத்தில் நான்
கையைத் தூக்கியபடி நிற்பேன்."

கதவு திறந்தது.
இருவரும் இறங்கவில்லை. கதவு மறுபடி மூடியது.

செவ்வாய்க்கிழமை மழை.
தாழ்வாரக் கம்பியில் உள்ளங்கை வைத்து நின்றேன்.
மின்னல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு
வந்தது,
மேசையை யாரோ நகர்த்துவதுபோல.
எதிர் புளோக்கில் துணி எடுக்கிற பெண்
திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.
எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இல்லை.
இல்லை, கொஞ்சம் இருந்தது.

படிவத்தில் எந்தக் காது என்று ஒரு கட்டம்.
அவர்கள் இடது என்று குறித்துத் தந்திருந்தார்கள்.
அதை அடித்துவிட்டு
வலது என்று எழுதினேன்.
வலது பிறந்ததிலிருந்தே ஒன்றும் அறியாதது;
பலன் குறைவாக இருக்கும் என்பார் மருத்துவர்,
மறுபடி ஒரு தாளில்.
இருக்கட்டும்.

பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.
கையெழுத்து இன்னும் போடவில்லை.