முதிரைப் பலகை

அக்கராயனில் மழை விட்டு மூன்று நாள்.
மேலே காய்ந்த மாதிரித்தான் கிடக்கிறது முற்றம்.
குதிக்காலை ஊன்றிப் பார்த்தேன்,
பெருவிரல் அளவு உள்ளே போனது.
இதில் ஜக்கை வைத்தால் கார் எழும்பாது,
ஜக்குத்தான் இறங்கும்.

சைலன்சர் கிளிப் அறுந்து
ஸ்கந்தபுரம் வளைவிலிருந்து வீடுவரை ஒரே இரைச்சல்.
கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன.
கராச்சில் கேட்டால் செவ்வாய் வா என்கிறான்.
திங்கள் விடிய நாலரைக்கு
நான் முகமாலைக்கு வெளிக்கிட வேண்டும்.
லீசிங் இன்னும் ஏழு மாதம் இருக்கு.

கிணற்றடியில் கிரவல் கொட்டிய இடம் கொஞ்சம் இறுக்கம்.
கதவுநிலைக்கு வெட்டி மிஞ்சிய முதிரைப் பலகையை
அங்கே போட்டேன்.
ஆணி அடிக்கப்போனால் ஆணி வளைகிற சாதி அது.
நடுவில் ஒரு தேசிக்காயை வைத்தேன்.
வேலிப்பக்கம் உருண்டது.
மண்வெட்டியால் வழித்து, திரும்ப வைத்தேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது.
கார் வாங்கிய அன்று இதில் ஒன்றைச்
சில்லுக்குக் கீழே வைத்து நசித்தோம்.
மட்டம் பார்க்கிறது
அதைவிடப் பிரயோசனம்.

முன்சில்லு இரண்டுக்கும்
முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுத்தேன்.
தூக்கப்போவது பின்பக்கம்.
பின்சில்லு நிலத்தை விட்டால்
ஹேண்ட்பிரேக் வெறும் பேச்சு.

தங்கச்சியின் புருசன் பகீரதன்
இரண்டு சீமெந்துக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
"இதை அடுக்குவம் அக்கா, அஞ்சு நிமிச வேலை."
ஒன்றை வாங்கி
இடுப்பு உயரத்திலிருந்து பலகையில் போட்டேன்.
மூன்று துண்டும் ஒரு சிரங்கை மண்ணும்.
"ம்" என்றான்.
நானும் அவ்வளவுதான் பேசினேன்.

பரந்தன் இரும்புக்கடையில்
இரண்டு நாள் சம்பளத்துக்கு வாங்கிய ஸ்டாண்ட் இரண்டு.
ஒருபக்கம் பம்பி, ஸ்டாண்ட் வைத்து, இறக்கி,
மற்றப்பக்கம் பம்பி, வைத்து, இறக்கி,
ஜக்கை அங்கேயே தொட்டும் தொடாமலும் விட்டேன்.
இடப்பக்கம் ஸ்பெயார்ச் சில்லைப் படுக்கப் போட்டேன்.
பகீரதன் சாக்கை விரித்துத் தலையைச் சரித்துவிட்டான்.
"எழும்பு. தள்ளிப் பார்க்கிற வரைக்கும்
ஒருத்தரும் உள்ளுக்குப் போறேல்லை."
"காலிப்பயங்கூட இப்பிடிப் பயப்பிடமாட்டான்" என்று
எழும்பினான்.

கிழமையில் ஐந்து நாள்
முழந்தாளில் நின்று, சாண் சாணாக,
மண்ணிடம் கேட்டுக் கேட்டுப் போகிறவள் நான்.
ஞாயிற்றுக்கிழமை எண்டதுக்காக
நம்ப ஏலுமே?

தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

இடப்பக்க ஸ்டாண்டின் ஒரு கால்
பலகையின் விளிம்பைத் தாண்டி நின்றிருக்கிறது.
நான் பார்க்கவில்லை. நான்தான் வைத்தேன்.
கிரவல் விட்டுக்கொடுத்தது.
ஒரு சத்தம். பெரிய சத்தமும் இல்லை,
அரிசிமூட்டை இறக்கினமாதிரி.
கார் ஸ்பெயார்ச் சில்லில் குந்தியது.
தேசிக்காய் மணம் வந்தது.
எங்கே உருண்டு போய்க் கிடந்ததோ.

சாக்கு அப்படியே விரித்தபடி.
அதில் ஒரு தலை அளவுக்குச் சுருக்கம்.
இரண்டுபேரும் அதைத்தான் பார்த்தோம்.

பிறகு பகீரதன் எதுவும் கேட்காமல்
குசினிக்குள் போய்
அரிசிமூட்டைக்குக் கீழ்க்கிடந்த பலகையை
இழுத்துக்கொண்டு வந்தான்.
முதலிலிருந்து தொடங்கினோம்.
மட்டம், கட்டை, பம்பு, ஸ்டாண்ட்.
இந்தமுறை தள்ளியது அவன்.
இரண்டுதரம். மூன்றாம்தரமும்.
நான் கீழே போனேன்.
செம்மண் காய்ந்து ஒட்டிய குழாய்,
அறுந்த கிளிப்,
மூக்குக்கு மேலே ஒரு முழத்தில்
முழுக் காரும்.
பத்து நிமிசம்கூட ஆகவில்லை.

திங்கள் நாலரைக்கு
கோழி எதுவும் எழும்பவில்லை.

அடுத்த கிழமை
பகீரதன் படலையடியில் வந்து நின்றான்.
ஆட்டோவுக்கு ஏதோ வேலையாம்.
"அந்தப் பலகையை ஒருக்கால் தாறியளோ?"
ஸ்டாண்டையும் கொண்டுபோ என்றேன்.