ஒன்று என்று எழுதினேன்

மூவாயிரத்து அறுநூறு மீட்டர்.
மூச்சை இங்கே எண்ணித்தான் செலவழிக்கிறேன்.
ஜிபார்குல் மட்டும் பேசிக்கொண்டே ஏறுகிறாள்,
தோளில் புளித்த குதிரைப்பால் தளும்பும் குடுவை,
காலில் தம்பியின் பூட்ஸ்.

அலாய் மலையின் இந்தச் சரளைச் சரிவில்
மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.
நோட்டில் தேதி, காற்று, வெப்பம்,
பிறகு ஒரு சுழியம்.
அதன் கீழே இன்னொரு சுழியம்.

நான்காம் நாள், பதினொன்று இருபதுக்கு,
கல் ஒன்று
தன் ஓரத்தைப் பிரித்துக்கொண்டு எழுந்தது.

வெள்ளை என்று சொல்லிவிட முடியாது.
எண்ணெய் பட்ட காகிதம்போல்
ஊடே புல் தெரிகிற வெள்ளை.
பின்னிறகில் சிவப்பு:
ஊசி குத்திய விரலில்
வழியலாமா என்று யோசிக்கும் துளி.
நாலு அடிப்பு,
அப்புறம் காற்றின் பொறுப்பு.

மேகம் வந்தது.
பறந்துகொண்டிருந்தது அப்படியே
கற்பூண்டின் மேல் விழுந்தது,
என் முழங்காலிலிருந்து ஒரு சாண்.
இறகை விரித்து, காலால் தேய்த்து,
சீறியது.
ஒரு சோம் தாளின் எடைகூட இல்லாத கோபம்.

"இப்படித்தான் பிடிப்போம்" என்றாள் ஜிபார்குல்.
"மேகத்துக்குக் காத்திருந்து.
நெஞ்சில் இரண்டு விரல், ஒரே அழுத்து.
எல்தியாரின் கணக்கு நோட்டைக் கிழித்து
முக்கோணமாக மடித்து வைப்போம்.
ஜீப்பில் வந்தவன் இறகு உடையாததற்கு
இருபது டாலர் கொடுத்தான்.
எங்கள் வீட்டுக் கதவு அதில் வாங்கியது."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
"நல்ல கதவு" என்றாள்.
"பனிக்காலத்தில் காற்று நுழைவதில்லை."

வெயில் திரும்பி
சரிவின் அடியிலிருந்து ஏறி வந்தது,
கல் கல்லாக.
எல்லாவற்றின் மேலும் விழுந்தது,
இதன் மேல் மட்டும் விழவில்லை.
மேகம் போய் வெகுநேரமாகியிருந்தது.
நான்தான் மறைத்துக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தேன்,
சரளை உள்ளங்கையைக் கிழிக்க,
என் நிழலை அதன் மேலிருந்து
கம்பளிபோல் இழுத்துக்கொண்டு.
முதலில் ஓர் இறகு. பிறகு மற்றது.
நடுங்கிச் சூடேறி
பாறை விளிம்பைத் தாண்டிப் போயிற்று.

ஒன்று என்று எழுதினேன்.

எட்டிப் பார்த்தவள்
"இரண்டு" என்றாள்.
"பெண் அது. வயிற்றடியில் மெழுகுப் பை பார்க்கவில்லையா?
ஆண் ஒட்டிவிட்டுப் போவது.
இங்கே எங்கேயோ இருக்கிறான்,
இல்லை, இருந்திருக்கிறான்.
இரண்டு என்று போடு."

பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும்
என்பது விதி, விளக்கினேன்.
அவள் குடுவையைத் திறந்து
மூடியில் ஊற்றி நீட்டினாள்.
புளிப்பு மூக்கில் ஏறியது.

ஒன்றுக்குப் பக்கத்தில்
பென்சில் முனை இன்னும் நிற்கிறது.