பருமன் எடை

டெலவேரில் எனக்கொரு விலாசம் இருக்கிறது.
தெரு, கதவு எண், சூட் நம்பர் 30716.
அங்கே மழை எப்படிப் பெய்யும் என்று தெரியாது,
விற்பனை வரி இல்லை என்று தெரியும்.

வண்ணாரப்பாளையத்து விலாசத்துக்கு
ஒவ்வொரு முறையும் போனில் வழி சொல்ல வேண்டும்:
ரேஷன் கடை தாண்டி, நீல கேட்,
நாய் குரைக்கும், கடிக்காது.
அங்கே எண் போதும்.
நான் போயே இராத அறையில்
என் பெயருக்கு ஒரு தட்டு,
அதில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தது
என் ஹெட்போன்.

சென்னையில் ஐம்பத்தையாயிரம்.
அங்கே முப்பத்து மூன்றரை.
கரண்டு பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
தனியாக வரவழைத்தால் கப்பல்கூலி தின்றுவிடும்,
கூட்டுக்கு ஆள் பிடித்தேன்.
நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை லேபிலிருந்து தில்லைகோவிந்தன்
ரெக்கார்டு பிளேயருக்கு ஒரு ஊசி.
பரங்கிப்பேட்டை நஜ்முதீன்
ஆம்ப்ளிபயருக்கு நான்கு வால்வு.
மூவருக்கும் ஒரே பெட்டி, என் பெயரில், என் ஆதாரில்.

நீளம் பெருக்கல் அகலம் பெருக்கல் உயரம்
வகுத்தல் ஐயாயிரம்.
பெட்டியில் பாதி காற்று,
காற்றுக்கும் எடை போடுகிறார்கள்.
போடட்டும்,
நாங்கள் வாங்குவதே
காற்று நடுங்கும் விதத்தைத்தானே.

'கிஃப்ட்னு எழுதும்மா' என்றார் நஜ்முதீன்.
'பழசுன்னு எழுது. நாப்பது டாலர் போடு.
எல்லாரும் அப்படித்தான்.'

அன்று மத்தியானம்
மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
இரண்டு சவரன் வழக்கில் மூன்றாவது சாட்சி.
அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.
கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்:
படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.
பதினோரு வருடமாக
பார்க்காமலே விரல் அடிக்கும் வரி.

ராத்திரி படிவத்தில்
'மதிப்பு' என்ற கட்டத்துக்குள்
கோடு விட்டு விட்டு மினுங்கியது.
பெரிய நேர்மை ஒன்றும் இல்லை.
விரலுக்குப் பழக்கம்.
மூன்று பில்லில் இருந்ததையும்
காசு சுத்தமாக அடித்துவிட்டேன்.

நஜ்முதீன் போனை எடுக்கவில்லை.
மெம்பிஸ், துபாய், சென்னை.
சென்னையில் ஒன்பது நாள்.
கெடிலத்தில் தண்ணீர் ஏறி
பாலத்தில் போலீஸ் நின்ற வாரம்,
தார்ப்பாய்க்குள் பெட்டியும்
வெளியே நனைந்த பையனுமாக
கூரியர் வண்டி வந்தது.
நாய் குரைத்தது.

சுங்கம் பதினைந்தாயிரத்து எண்ணூறு.
கப்பல்கூலியில் என் பங்கு நாலாயிரத்து நூறு.
க்ளியரிங் என்று ஐந்நூற்றுத் தொண்ணூறு.
டாலர் மாற்றியதற்கு பாங்க் அறுநூற்று நாற்பது.
மிச்சம், சென்னைக் கடையைவிட,
முந்நூற்று எழுபது ரூபாய்.
தில்லைகோவிந்தன் சிரித்தார்.
'ரெண்டு மாசம் காத்திருந்ததுக்குக் கூலி' என்றார்.
நஜ்முதீன் தன் பங்கு வரியை
ஒரு வார்த்தை இல்லாமல் ஜிபேயில் அனுப்பினார்.
வால்வுகளை அவர் மச்சான் வந்து வாங்கிப் போனார்.

மழை நின்ற பிறகு
ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.
நூறு தடவை கேட்ட நாதஸ்வரம்.
தொடங்குவதற்கு முன்னால்
அந்த ஆள் மூச்சு இழுக்கிறார்.
இத்தனை வருடம் அது எனக்குத் தெரியாது.
பின்னால் யாரோ தவிலை நகர்த்துகிறார்கள்,
நாற்காலியோ பெஞ்சோ கிறீச்சிடுகிறது.
திரும்ப வைத்து அந்த மூச்சை மட்டும் கேட்டேன்,
ராகத்துக்குள் போகவில்லை.

பதினோரு மணிக்கு நஜ்முதீனிடமிருந்து ஒரு படம்:
இருட்டில் நான்கு வால்வும் செம்மஞ்சளாய்.
கீழே எழுத்து எதுவும் இல்லை.
நானும் எதுவும் எழுதவில்லை.
மூச்சு இருந்த நாலு விநாடியை
வெட்டி அனுப்பினேன்.

பெட்டியை இன்னும் எறியவில்லை.
பரண்மேல் இருக்கிறது, காலியாக.
உள்ளே இருப்பதற்கும்
காசு கொடுத்திருக்கிறேன்.