நாற்பத்தொன்றாவது கம்பம்

ஆக்ரே காட்டின் விளிம்பில் புது வேலி.
கம்பங்களின் தலையை ஒரே மட்டமாக
அறுக்கச் சொல்லியிருந்தார் மேஸ்திரி அடாவுட்டோ.
நாற்பது முடிந்தது.
நாற்பத்தொன்று மட்டும்
ஒன்றரைச் சாண் கூடுதல்.

பட்டை உரிந்த சாம்பல்,
அங்கங்கே பாசி பிடித்த பழுப்பு,
முறிந்த கிளைபோல
வானத்தைக் குத்தும் நுனி.
ஜெனில்டோ ரம்பத்தை வைக்கப் போனான்.
மரத்துக்கு இமை இருந்தது.
மூடிய இமையின் ஓரத்தில்
நகக்கீறல்போல இரண்டு வெட்டு.
அதன் வழியே
முதல் கம்பத்திலிருந்தே
அவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

உருட்டாவு.
நிலா ராத்திரியில் படிப்படியாக இறங்கி அழுமே,
அந்தக் குரல்.
யாரோ செத்துப்போன தாய் என்று ஊர் சொல்லும்.
"பசிக்கு யார்தான் கத்த மாட்டாங்க"
என்பாள் லுசினெய், அடுப்பைப் பார்த்தபடி.

வாயைத் திறந்தால்
முகம் காணாமல் போகும்.
விட்டிலும் வண்டும் பறந்தபடியே உள்ளே போகும்.
கூடு கட்டாது, ஒரு சுள்ளிகூடப் பொறுக்காது.
மழை குடைந்த குழி போதும்
ஒற்றை முட்டைக்கு.

வயிற்று இறகுக்கடியில்
ஊதாப் புள்ளியோடு கொஞ்சம் வெள்ளை.
அவனுக்கு மூச்சு வாங்கியது.
கம்பத்துக்கு வாங்கவில்லை.

மாலை, அளவுநாடாவோடு மேஸ்திரி.
தூரத்திலேயே ஒற்றைக் கண்ணை இடுக்கி,
"அது ஏன்டா நெட்டையா நிக்குது?"

"பச்சை மரத்தை நட்டுட்டோம் போல.
இன்னும் வளருது."

இருட்டியதும்
கம்பத்தின் மேல்துண்டு எழுந்து போய்
ஒரு விட்டிலோடு
தன் அளவுக்குத் திரும்பியது.