இரண்டு ஒன்றுகள்

பிரிவுகளின் பேருக்கு எதிரே கட்டங்கள்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
விருப்பத்தை வரிசைப்படுத்த வேண்டுமாம்.
பென்சிலால் நான்
இரண்டு கட்டத்தில் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள், என்று
அலுவலக ஜன்னலில் ஒட்டியிருக்கிறது.
இன்று வியாழன்.
முதுநகர் ரயில்வே கேட்டில்
சைக்கிளை இடுப்பில் சாய்த்து நிற்கிறேன்.
கேட் போட்டுப் பத்து நிமிஷம் ஆகிறது.
ரயிலைக் காணோம்.

நானூற்றுப் பதினொன்று.
அந்த எண்ணைச் சொல்லாமல்
இந்த மாதம் என்னிடம் யாரும் பேசியதில்லை.
நெய்வேலியிலிருந்து போன் போட்ட
கலியபெருமாள் சித்தப்பா கேட்டார்:
"நானூத்திப் பதினொண்ணு எடுத்துட்டு
எவளாச்சும் தொழிற்பிரிவுக்குப் போவாளா?
அது மார்க் வராத புள்ளைங்க குரூப்பு."
அம்மா கேட்டது ஒரே கேள்வி:
அந்த வகுப்பில் பெண்கள் எத்தனை பேர்?
போன வருஷம் இரண்டு.
ஒருத்தி பாதியில் நின்றுவிட்டாள்
என்பதை நான் சொல்லவில்லை.

ஐஸ் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த அப்பா
ஈரக் கைலியைப் பிழிந்துகொண்டே
"உன் இஷ்டம்" என்றார்.
திட்டியிருந்தால்
எதிர்த்தாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

போன திங்கட்கிழமை
சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய அறையில்
மேஜைமேல் ஒரு மோட்டாரைத் திறந்து போட்டிருந்தார்கள்.
தொடாதே என்று அட்டை.
உள்ளே யாருமில்லை.
தொட்டேன்.
செம்புக் கம்பி, எண்ணெய் தடவிப் பின்னிய ஜடை போல
பள்ளத்துக்குள் படிந்து படிந்து போயிற்று.
எண்ணினேன். முப்பத்தாறு பள்ளம்.
ஒன்றில் மட்டும் கம்பி கருகியிருந்தது.
அந்த நாற்றம் எனக்குத் தெரியும்,
அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன ஒரு நாள்
ஐஸ் உருகித் தெருவுக்கு வந்த நாற்றம் அது.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் மோட்டார்
இரண்டு காந்தம், நடுவில் ஒரு செவ்வகம்.
ஐந்து மதிப்பெண்.
அது ஒருநாளும் எரிந்ததில்லை.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்,
இந்தக் கேட் திறப்பதற்குள்:
பிடித்துப் போகிறேனா,
வேதியியலுக்குப் பயந்து போகிறேனா?
ஜெசிந்தா உயிரியல் எடுக்கிறாள்.
ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.
அவள் பக்கத்தில் உட்காரவே
இன்னொரு ஒன்றைப் போட்டேனோ என்னவோ.
பொறியியல் கல்லூரிக்கு
தொழிற்பிரிவிலிருந்தும் ஒரு வாசல் உண்டாம்,
சின்ன வாசல்,
குனிந்து போக வேண்டும் என்கிறார்கள்.
குனியாமல் போனவர்களை நான்
இன்னும் பார்க்கவில்லை.

மயிலாடுதுறைப் பாசஞ்சர் வந்து
மெதுவாக, ரொம்ப மெதுவாகப் போனது.
பயந்தும்தான் போகிறேன்.
பிடித்தும்தான்.
இரண்டும் ஒரே சைக்கிளில் வருகின்றன,
ஒன்றை இறக்கிவிட்டால் வண்டி சாய்கிறது.
பின்னால் ஒரு மீன் வண்டிக்காரர்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

வெள்ளி. மூன்றே முக்கால்.
"பென்சில்ல போட்டா செல்லாது" என்றார் கிளார்க்.
ஜன்னல் கம்பியில் நூல் கட்டிய பேனா.
மேலே இருக்கும் கட்டங்களுக்கு எட்டுகிறது,
கடைசி வரியில் இருக்கும்
மின் இயந்திரங்களுக்கு எட்டவில்லை.
நூலை இழுத்துப் பார்த்தேன்.
பிறகு காகிதத்தை
மேலே, பேனா இருக்கும் இடத்துக்குத் தள்ளினேன்.

வெளியே ஜெசிந்தா
இரண்டு பேருக்கும் ஒரே குச்சி ஐஸ் வாங்கி
உருகவிட்டபடி நின்றாள்.
"போட்டுட்டியா?"
"ம்."
"எங்க?"
மை இன்னும் காயவில்லை என்றேன்.