நூற்றுக்கு இருபத்தைந்து

குழி என்னுடையது இல்லை.
ராயக்கோட்டை ரோட்டில் தண்ணீர்க் குழாய்க்காக
கம்பெனி தோண்டியது.
தடுப்பு நான்கும் கம்பெனியுடையவை.
ஜல்லி லாரி பின்னால் வர வழி வேண்டுமென்று
இரண்டை நகர்த்தியது மட்டும் நான்.

ஒன்றைத் திரும்ப வைத்தேன்.
இன்னொன்றின் கால் வளைந்திருந்தது, நிற்கவில்லை.
புளியமரத்தில் சாய்த்துவிட்டு
விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று
போய்ப் படுத்தேன்.

தக்காளிக்காரர்களுக்கு
விடிவதற்கு முன்பே விடிந்துவிடுகிறது.
மொபெட்டில் மூன்று கிரேட் கட்டி
நாலேகாலுக்கு மண்டிக்குப் போனவன் பெயர் திம்மராயன்.
சம்மன் வந்த பிறகுதான் எனக்கு அந்தப் பெயர் தெரியும்.

ரத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை.
சிவப்பாகக் கிடந்ததெல்லாம் தக்காளி.
கால் உள்ளுக்குள்ளேயே முறிந்திருந்தது.
குழியிலிருந்து அவன் சொன்னது:
"வண்டிய யாராச்சும் ஆஃப் பண்ணுங்கப்பா,
பெட்ரோல் போவுது."

*

கிருஷ்ணகிரி கோர்ட் வாசலில்
கம்பெனி வக்கீல் டீ வாங்கிக்கொடுத்துச் சட்டம் சொன்னார்.
வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டமாம் இது.
அதற்குள் ஒருவன் இருக்கிறானாம், நியாயமான மனிதன்.
மேதை இல்லை, மடையனும் இல்லை,
பஸ்ஸில் போய்வருகிற சாதாரண ஆள்.
நீ செய்ததை அவன் செய்திருப்பானா
என்பதுதான் கேள்வி, மீதியெல்லாம் பேப்பர்.

அன்றிலிருந்து அவனைத் தேடுகிறேன்.
ஓசூர் வண்டிக்கு ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர்களில்
அவன் இல்லை.
பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு
ஹைவே நடுத்திட்டைத் தாண்டுகிறவர்களிலும் இல்லை.
வக்கீல் போகும்போது
ஹெல்மெட் பைக் கண்ணாடியில் தொங்கியது.

இருந்திருந்தால்
அன்று ராத்திரி வளைந்த காலுக்கு
ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருப்பான், அவ்வளவுதானே.
கல்லுக்கா பஞ்சம் இந்த ஊரில்.

*

"முன்பின் தெரியாதவர்மேல் என் கட்சிக்காரருக்கு
என்ன கடமை இருக்க முடியும்?" என்றார் வக்கீல்.
எனக்குக்கூட நல்ல கேள்வியாகத்தான் பட்டது.

வருவான் என்று நினைத்துப் பார்த்திருக்கக் கூடிய எவனும்
அண்டை வீட்டான்தான் என்றது தீர்ப்பு.

என் அண்டை வீட்டானோடு
சாக்கடைத் தண்ணீர்த் தகராறில்
இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

சர்க்கரை இருந்ததால்தானே புண் ஆறவில்லை,
பாதத்தை எடுத்ததற்கு நாங்களா பொறுப்பு?
எந்த உடம்போடு விழுந்தானோ
அந்த உடம்புக்குப் பொறுப்பு என்றார் நீதிபதி.

பறிக்க ஆளில்லாமல் தோட்டத்தில் அழுகிய தக்காளிக்குக்
கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள்.
மகள் நர்ஸிங் படிப்பை நிறுத்தியதற்கு இல்லை,
அது ரொம்ப தூரமாம்.
எந்த டேப்பால் அளந்தார்கள் என்று கேட்டேன்.
வக்கீல் சிரித்தார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை,
டேப் பிடிப்பது என் வேலை.

*

மொபெட்டில் முன்விளக்கு எரியவில்லை.
அதனால் நூற்றுக்கு இருபத்தைந்து திம்மராயன் தவறு.
மீதி எழுபத்தைந்து என் கை செய்தது.
ஆனால் வேலைக்காரன் கை முதலாளியின் கையாம்,
ஆகவே கம்பெனி.
கம்பெனிக்காக இன்சூரன்ஸ்.
"உன் பேரில் ஒரு பைசா கிடையாது, கிளம்பு."

பாதம் போனவனுக்கு இருபத்தைந்து.
பூஜ்ஜியத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
நான் படியிறங்கினேன்.
அவன் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தான்,
ஒவ்வொரு படியாக.

குழியை மூடித் தார் போட்டு வருஷமாகிறது.
வளைந்த கால் தடுப்பு மட்டும்
புளியமரத்தில் சாய்ந்தே நிற்கிறது,
எடுத்துப்போக யாரும் வரவில்லை.
அந்த இடம் வந்தால்
என் வண்டி தானாக மெதுவாகிறது.
பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான்,
ரோடு காலியாத்தானே இருக்கு என்று.